‘பி’ வரிசைச் சொற்கள்: பொருளும் உச்சரிப்பும்

ஆங்கில நெடுங்கணக்கில் இரண்டாவது எழுத்து பி. பதினாறாவது எழுத்தும் பி. தமிழில் எழுதினால் இரண்டுக்கும் வேறுபாடு இல்லை. பஸ்ஸின் பி ஒன்று, பேப்பரின் பி மற்றொன்று என்று விளக்கம் சொன்னால்தான் விளங்கும்.

நம் சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்புக்குப் பேரப்பிள்ளைகளை அழைத்து வரும் பெரியவர்கள், வகுப்பு முடியும்வரை வராந்தாவில் அமர்ந்திருப்பார்கள். அவர்களில் சிலர் என்னிடம், “நீங்கள் முப்பத்தேழு வருஷம் ரயில்வேயில் இந்திக்காரர், மராத்திக்காரர், வங்காளி எல்லோரோடும் ஆங்கிலம் பேசியவர். எங்களுக்கு ஆங்கிலச் சொற்களை ஒவ்வோர் எழுத்தாகப் பொருளோடும் உச்சரிப்போடும் எழுதித் தாருங்களேன்” என்று கேட்டார்கள். நான் ஆங்கிலப் பேராசிரியன் அல்ல. தமிழ் வழியில் பள்ளிப் படிப்பை முடித்து, டிப்ளமா வாங்கி, 1981-ல் இந்த நாக்பூருக்கு வேலைக்கு வந்தவன். தண்டவாளத்தோடு பழகியவன். ஆகவே எனக்குத் தெரிந்த வழியில், தமிழர்களுக்கு மிகவும் தொல்லை தரும் எழுத்திலிருந்து தொடங்குகிறேன். அது பஸ்ஸின் பி.

ஓர் எழுத்து, இரண்டு ஒலி

நம்மவர்களுக்கு இந்த ஒலி வராது என்று இங்கே பலர் சொல்லக் கேட்டிருக்கிறோம். நாமும் அதை நம்பிவிட்டோம். அது உண்மையல்ல. எங்கள் ரயில்வேக்கு வேண்டிய ஊர் ஒன்றின் பெயரைச் சொல்லிப் பாருங்கள்: பாம்பன். அதில் இரண்டு ப இருக்கின்றன. முதல் ப, பாலில் வரும் ப. இரண்டாவது ப, பஸ்ஸில் வரும் ப. பாம்பன் என்று சரியாகச் சொல்லத் தெரிந்த எவருக்கும் இரண்டு ஒலியும் தெரியும். ரயில் பெட்டித் தொழிற்சாலை 1955-ல் தொடங்கப்பட்ட பெரம்பூரும் அப்படியே. பம்பரம், பண்பு, பாம்பு எல்லாவற்றிலும் இரண்டும் உண்டு.

தமிழ் எழுத்தில் ஒலி எழுத்தைப் பொறுத்து மட்டும் மாறுவதில்லை. இடத்தைப் பொறுத்தும் மாறுகிறது. சொல்லின் தொடக்கத்தில் ப வந்தால் வன்மையாக ஒலிக்கும்: பழம், பத்து, பூனை. இரட்டித்து வந்தாலும் அப்படியே: அப்பா, உப்பு. ட், ற் ஆகிய வல்லின மெய்களை அடுத்து வந்தாலும் வன்மைதான்: நட்பு, கற்பு. மெல்லினத்தை அடுத்து வந்தால் மென்மையாகிவிடும்: அம்பு, அன்பு, நண்பன். எந்த இடத்தில் எந்த ஒலி என்பது பேசுகிறவருக்குத் தானாகவே தெரியும் என்பதால் இரண்டு எழுத்து வேண்டியிருக்கவில்லை. இது குறையல்ல, சிக்கனம். கால்டுவெல் 1856-ல் வெளியிட்ட திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தில் இந்த ஒலி மாற்றத்தைத் தமிழின் முக்கியமான இயல்புகளில் ஒன்றாக விளக்கியிருக்கிறார்.

ஆகவே நம் தொல்லை நாக்கில் இல்லை, உதட்டிலும் இல்லை. சொல்லின் நடுவில் சொல்லிப் பழகிய ஒலியைச் சொல்லின் தொடக்கத்தில் சொல்ல வேண்டியிருப்பதே தொல்லை. வண்டி ஒன்றுதான், தடம் மட்டும் மாற்ற வேண்டும்.

இனி இந்தக் கட்டுரையில் ‘முதல் ப’ என்றால் பாம்பனின் முதல் ப, ‘இரண்டாம் ப’ என்றால் பாம்பனின் இரண்டாம் ப என்று கொள்க. பஸ்ஸின் பி வரிசைச் சொற்கள் எல்லாமே இரண்டாம் ப-வில் தொடங்குபவை.

பழகும் வழி

இரண்டாம் ப-வுக்கு: உதடுகளை மூடிக்கொண்டு ‘ம்’ என்று முனகுங்கள். முனகலை நிறுத்தாமலே வாயைத் திறந்து ‘ம்பஸ்’ என்று சொல்லுங்கள். பத்து முறை சொல்லுங்கள். பிறகு ம்-ஐக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து விழுங்கிவிடுங்கள். மிஞ்சுவதுதான் ஆங்கில பஸ். தொண்டையில் விரலை வைத்துப் பார்த்தால் உதடு பிரிவதற்கு முன்பே அதிர்வு தெரியும். ப-வும் ம-வும் இரண்டு உதடுகளும் இயைவதால் பிறப்பவை என்று தொல்காப்பியத்தின் பிறப்பியல் சொல்கிறது. அந்த உறவைத்தான் நாம் இங்கே பயன்படுத்திக்கொள்கிறோம்.

பேப்பரின் பி-க்கு: இதில் இன்னொரு நுட்பம் உண்டு. ஒரு மெல்லிய காகிதத் துண்டை வாய்க்கு முன்னால் பிடித்துக்கொண்டு ‘பால்’ என்று தமிழில் சொல்லுங்கள். காகிதம் அசையாது. ஆங்கிலேயர் ‘பென்’ என்று சொன்னால் காகிதம் துடிக்கும். சொல்லின் முதலில் வரும் இந்தப் பி-யை அவர்கள் ஒரு மூச்சுக் காற்றோடு வெளியே தள்ளுகிறார்கள். ‘ஸ்பூன்’ போல எஸ்-ஸை அடுத்து வந்தால் அந்தக் காற்று இல்லை. நம் முதல் ப-வில் காற்று இல்லாததால், நாம் ‘பின்’ என்று குண்டூசியைக் கேட்டால் வெளிநாட்டார் காதில் அது குப்பைத் தொட்டியைக் குறிக்கும் ‘பின்’ ஆக விழக்கூடும். இந்தி, மராத்தி பேசும் நம் அண்டை வீட்டாருக்கு இந்தக் குழப்பம் இல்லை. அவர்களுடைய ப-விலும் காற்று கிடையாது. அமெரிக்காவில் இருக்கும் மகன் வீட்டுக்குப் போகிறவர்கள் மட்டும் இந்தக் காற்றைப் பழகிக்கொள்வது நல்லது.

ரயில் பாதையில் பி

பேலஸ்ட்: தண்டவாளத்துக்கும் ஸ்லீப்பர் கட்டைக்கும் அடியில் கிடக்கும் கருங்கல் ஜல்லி. முதல் எழுத்தின் உயிர், ‘பே’-க்கும் ‘பா’-வுக்கும் இடைப்பட்டது. பேங்க், பேட் ஆகியவற்றில் வருவது. இரண்டாவது அசையை அழுத்தாமல் மெல்லச் சொல்ல வேண்டும். பாரமில்லாத கப்பல் ஆடாமலிருக்க அடித்தளத்தில் ஏற்றும் கல், மணலுக்கும் இதே பெயர். ரயில் பாதையில் இதன் வேலை பாரத்தைப் பரப்புவது, மழைநீரை வடியவிடுவது, ஸ்லீப்பரை நகரவிடாமல் பிடித்துக்கொள்வது. கல் உருண்டையாக இருந்தால் உதவாது. உடைத்த கல்லின் முனைகள் ஒன்றையொன்று கவ்வினால்தான் பாதை நிற்கும்.

பேக்கிங்: இது இரண்டு சொல். பேப்பரின் பி-யில் தொடங்கினால், ஸ்லீப்பருக்கு அடியில் ஜல்லியைக் குத்தி இறுக்கும் வேலை. பஸ்ஸின் பி-யில் தொடங்கினால், வண்டி பின்னோக்கி வருவது. தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றே.

1986 வாக்கில் இடார்சி வழித்தடத்தில் ஒரு சிறு நிலையத்துக்கு அப்பால் எங்கள் கேங் வேலை செய்துகொண்டிருந்தது. சற்றுத் தள்ளி ஜல்லி வண்டி ஒன்றும் நின்றிருந்தது. கேங் மேட் விழுப்புரம் பக்கத்துக்காரர். நல்ல வேலைக்காரர். அவர் கம்பியில் மாட்டும் போனை எடுத்து நிலைய மாஸ்டரிடம் இந்தியில் “பேக்கிங் நடக்கிறது” என்றார். ஆங்கிலச் சொல் என்ற பயத்தில் இரண்டாம் ப போட்டுச் சொல்லிவிட்டார். நிலைய மாஸ்டருக்கு ஜல்லி வண்டி தம் நிலையத்தை நோக்கிப் பின்னால் வருகிறது என்று பொருள்பட்டது. “எந்த வண்டி?” என்று கேட்டார். “வண்டி இல்லை சாப், பேக்கிங்!” என்று இவர் இன்னும் உரக்கச் சொன்னார். உரக்கச் சொன்னால் ஒலி மாறிவிடுமா? நல்லவேளையாக அந்த மாஸ்டர் பொறுமைசாலி. “கல்லா, வண்டியா? ஒன்றைச் சொல்” என்றார். “கிட்டி, சாப், கிட்டி” என்று ஜல்லிக்கான இந்திச் சொல்லை இவர் சொன்ன பிறகுதான் இரண்டு பக்கமும் மூச்சு வந்தது.

ஒன்றும் நேரவில்லை. நேராததற்குக் காரணம் ரயில்வேயின் பழைய பழக்கம்: கேட்டதைத் திருப்பிச் சொல், விளங்காவிட்டால் வேறு சொல்லால் கேள். அன்றிலிருந்து எங்கள் பிரிவில் எவரும் போனில் வெறும் ‘பேக்கிங்’ என்று சொல்வதில்லை. ‘கிட்டி பேக்கிங்’ என்றே சொல்வோம்.

போகி: நம் நாட்டில் போகி என்றால் ரயில் பெட்டி. எங்கள் தொழிலில் போகி என்பது பெட்டிக்கு அடியில் இருக்கும் சக்கரச் சட்டம் மட்டுமே. இரண்டு அச்சு, நான்கு சக்கரம் கொண்டது ஒரு போகி. ஒரு பயணிகள் பெட்டி இப்படி இரண்டு போகிகளின்மேல் உட்கார்ந்திருக்கிறது. ஆகவே “எங்கள் போகியில் கூட்டம்” என்றால் பொறியாளர் சிரிப்பார். வட இங்கிலாந்தின் வட்டார வழக்கிலிருந்து வந்த சொல் இது. பொங்கலுக்கு முதல் நாள் வரும் போகியும் இரண்டாம் ப-தான் என்பதால் நமக்கு உச்சரிப்புத் தொல்லை இல்லை.

பஃபர்: மோதலின் அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும் அமைப்பு. பழைய ஐ.சி.எஃப். பெட்டிகளின் இரண்டு முனைகளிலும் பக்கத்துக்கொன்றாகத் தட்டுப் போல நீட்டிக்கொண்டிருக்கும். எல்.எச்.பி. பெட்டிகளில் அது நடுவில் இணைப்போடு சேர்ந்தே இருக்கிறது. இரண்டு நாடுகளுக்கு நடுவே இருக்கும் சிறிய நாட்டையும், அவசரத்துக்கு வைக்கும் கையிருப்பையும் இந்தச் சொல்லால் குறிப்பார்கள்.

பெர்த்: படுக்கை இருக்கை, துறைமுகத்தில் கப்பல் நிற்கும் இடம். பிறப்பு என்ற பொருளுடைய சொல்லும் இதே ஒலிதான், எழுத்து மட்டும் வேறு. முதல் ப போட்டுச் சொன்னால் ஆஸ்திரேலிய நகரம் ஆகிவிடும். லோயர் பெர்த் கேட்கிறவர்கள் கவனிக்க!

பேரிங்: சுழலும் அச்சைத் தாங்குவது. பாலத்துக்கும் பேரிங் உண்டு. 30 மீட்டர் நீள எஃகுக் கர்டர் 30 டிகிரி வெப்பம் ஏறினால் சுமார் 11 மில்லிமீட்டர் நீளும். அதற்கு இடம் கொடுக்க ஒரு முனையில் நகரும் பேரிங் வைப்பார்கள். ஒருவருடைய நடை, தோற்றம், திசை ஆகியவற்றுக்கும் இதுவே சொல். தபால் தலை ஒட்டாமல் வந்த கடிதத்துக்கு இரட்டைக் கட்டணம் கட்டி வாங்கினோமே, அந்தப் பேரிங் தபாலும் இதுதான். பாரம் பெறுகிறவர் தலையில்!

பிரேக்: எழுத்தில் இரண்டு, ஒலியில் ஒன்று. ஒன்று வண்டியை நிறுத்துவது, மற்றொன்று உடைவது. ரயிலில் இரண்டுக்கும் உறவு உண்டு. வண்டி முழுவதும் ஓடும் காற்றுக்குழாய் உடைந்தாலோ, வண்டி நடுவில் அறுந்தாலோ, பிரேக் தானாகவே பிடித்துக்கொள்ளும். அந்தக் காலத்து வாக்குவம் பிரேக்கும் இன்றைய ஏர் பிரேக்கும் இதில் ஒன்றே. முதலாவது பிரேக் ஆனால் இரண்டாவது பிரேக் விழும் என்று புதிதாக வேலைக்கு வருகிற பையன்களுக்குச் சொல்லிக் கொடுப்பேன். கார்டு இருந்த கடைசிப் பெட்டி பிரேக் வேன். கார்டுக்கு 2022 முதல் டிரெயின் மேனேஜர் என்று பெயர்.

பிளாக்: கட்டை, தொகுதி, அடைப்பு. இரண்டு நிலையங்களுக்கு இடையே ஒரு பாதையில் ஒரு நேரத்தில் ஒரே ஒரு வண்டி என்பது பிளாக் முறை. வண்டி ஓடாமல் நிறுத்தி எங்களுக்கு வேலை செய்யக் கொடுக்கும் நேரமும் பிளாக். கறுப்பு என்ற பொருளுடைய சொல்லையும் நாம் இப்படியே எழுதுகிறோம். அதன் உயிர் பேலஸ்டின் உயிர். “பிளாக் கிடைத்தது” என்று நான் வீட்டில் சொன்னபோது, சினிமா டிக்கெட் என்று மகிழ்ந்தவர்கள் உண்டு.

பீட்: அடி, தாளம், நாடித் துடிப்பு. கீமேன் நாள்தோறும் நடந்து பார்க்க வேண்டிய பாதையின் நீளமும் பீட். காவலர் ரோந்துக்கும் இதே சொல்தான்.

எழுத்தை நம்பக்கூடாத சொற்கள்

தமிழில் எழுதியபடி படிக்கலாம். ஆங்கிலத்தில் அந்த நம்பிக்கை கூடாது. இவை எல்லாம் இரண்டாம் ப-வில் தொடங்குபவை:

பெரி: புதை. பி, யூ, ஆர், ஒய். யூ இருக்கிறதே என்று ‘பரி’ என்று சொல்லக்கூடாது. சிறு பழத்தைக் குறிக்கும் பெரியும் இதுவும் ஒரே ஒலி.

பிஸி, பிஸ்னஸ், பில்ட்: மூன்றிலும் யூ எழுத்தாக மட்டும் நிற்கிறது, ஒலி இகரம்.

பிஸ்கிட்: இதிலும் யூ ஒலிப்பதில்லை. இருமுறை சுட்டது என்ற பொருள்தரும் லத்தீன் மூலத்திலிருந்து வந்தது.

பிரெக்ஃபஸ்ட்: உண்ணாநோன்பை முறிப்பது. பிரேக் என்ற சொல் உள்ளே இருந்தாலும் நெடிலாக ஒலிக்காது. பிரெக் என்று குறிலாக்க வேண்டும்.

பாம்: வெடிகுண்டு. கடைசியில் ஒரு பி எழுதப்படும், ஒலிக்காது. சீப்பைக் குறிக்கும் கோம், கட்டைவிரலைக் குறிக்கும் தம் ஆகியவற்றிலும் அப்படியே.

பாய்: கடலில் மிதக்கும் அடையாள மிதவை. பி, யூ, ஓ, ஒய். பையனைக் குறிக்கும் சொல்லும் இதே ஒலி. அமெரிக்கர்கள் ‘பூ-ஈ’ என்பார்கள். முதல் ப போட்டால் நம் கோரைப்பாய்.

போ, பௌ: எழுத்து ஒன்று, ஒலி இரண்டு. வில், வயலின் வாசிக்கும் வில், ரிப்பன் முடிச்சு என்றால் போ. தலை வணங்குதல், கப்பலின் முகப்பு என்றால் பௌ.

பூக்கே: பூச்செண்டு. கடைசி டி ஒலிக்காது. போக்கே என்றும் சொல்வார்கள்.

பஃபே: தாமே எடுத்து உண்ணும் விருந்து. இங்கும் டி ஒலிக்காது. டி-யை ஒலித்து ‘பஃபிட்’ என்றால் குத்து, அடி என்று பொருள். திருமண அழைப்பில் கவனம் வேண்டும்!

பேலே: மேனாட்டு நாட்டிய வகை. டி ஒலிக்காது.

பூர்ஷ்வா: சொத்துடைய வர்க்கத்தைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல். எழுத்தைப் பார்த்தால் எவரும் திணறுவார்கள். நம் பொதுவுடைமைத் தோழர்கள் மட்டும் தமிழில் ஒலிப்படியே எழுதி, தமிழ்நாட்டுக்குச் சரியாகச் சொல்லிக் கொடுத்துவிட்டார்கள்.

நம் பக்கத்திலிருந்து போனவை

ஆங்கிலத்தின் பி வரிசையில் நம் நாட்டுச் சரக்கும் உண்டு. வங்காளப் பாணி வீடு பங்களா ஆகி, அங்கே ‘பங்களோ’ ஆனது. வெற்றிலை மலையாளத்திலிருந்து போர்ச்சுகீசியர் வாய்வழியாகப் போய் ‘பீட்டல்’ ஆனது. வளையலைக் குறிக்கும் ‘பேங்கிள்’ இந்தியிலிருந்து போனது.

எல்லாவற்றிலும் சுவையானது ‘பேண்டிகூட்’. பெருச்சாளி. தெலுங்கில் இதற்குப் பன்றி எலி என்று பொருள்படும் ‘பந்திகொக்கு’ என்று பெயர். தெலுங்கில் தொடங்குவது முதல் ப. ஆங்கிலத்தில் எழுதியதோ பஸ்ஸின் பி. மூச்சுக் காற்று இல்லாத நம் ப, ஆங்கிலேயர் காதுக்கு இப்படித்தான் விழுந்திருக்க வேண்டும். காகிதத் துண்டு சோதனையைச் செய்து பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும். அவர்களுக்கும் நம் ஒலி பிடிபடவில்லை. அதற்காக அவர்கள் வெட்கப்பட்டதாகவும் தெரியவில்லை!

எங்கே கவனம் வேண்டும்?

எல்லா இடத்திலும் உச்சரிப்புக்காகக் கவலைப்பட வேண்டியதில்லை. கடையில் ‘பட்டன்’ எப்படிச் சொன்னாலும் சட்டைக்குப் பொத்தான் கிடைத்துவிடும். இரண்டு இடங்களில் மட்டும் கவனம் தேவை.

முதலாவது, மருத்துவப் பரிசோதனை. ரத்த அழுத்தம் பி.பி. சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்துப் பார்க்கும் சர்க்கரையும் பி.பி. முன்னதில் முதல் எழுத்து பஸ்ஸின் பி, அடுத்தது பேப்பரின் பி. பின்னதில் இரண்டுமே பேப்பரின் பி. நம் அன்பர் ஒருவர், வயது எழுபத்தாறு, காலையில் வெறும் வயிற்றில் ரத்தம் கொடுத்து, சாப்பிட்டு, மணி பார்த்து இரண்டு மணி நேரம் காத்திருந்து, இந்த ஊர்ப் பரிசோதனைக்கூடம் ஒன்றுக்கு மறுபடி போய் “பி.பி.” என்றார். அங்கிருந்த பையன் கையில் பட்டையைச் சுற்றி அழுத்தம் பார்த்து, “நார்மல், போய்வாருங்கள்” என்று அனுப்பிவிட்டான். மாலையில் மகள் ரிப்போர்ட்டைப் பார்த்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. மறுநாள் மறுபடி பட்டினி, மறுபடி ஊசி. பையனையும் குற்றம் சொல்ல முடியாது. காதில் பழகிய சொல்தான் முதலில் விழும். ஆகவே எழுத்தைச் சொல்லாதீர்கள். “சாப்பிட்ட பிறகு பார்க்கும் சுகர்” என்று முழுவதையும் அவர்கள் மொழியில் சொல்லுங்கள். எங்கள் மேட் சொன்ன ‘கிட்டி’யை நினைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, போனில் எழுத்துக் கூட்டிச் சொல்வது. ரயிலில் பி-1 என்றால் மூன்றடுக்கு ஏ.சி. பெட்டி, டி-1 என்றால் உட்கார்ந்து போகும் இரண்டாம் வகுப்பு. பெட்டியோ ஒரு முனையிலும் மற்றொரு முனையிலும் இருக்கும். தவறாகக் கேட்டுக்கொண்டு, முழங்கால் வலியோடு பிளாட்பாரத்தின் கடைசிவரை நடந்த பெரியவர்களை நான் பார்த்திருக்கிறேன். பி, டி, இன்னொரு பி எல்லாம் போனில் ஒன்றாகவே கேட்கும். இது தமிழர்களுக்கு மட்டும் உள்ள தொல்லையல்ல. உலகம் முழுதும் விமானிகளுக்கும் இதே தொல்லை. அதனால்தான் 1956 முதல் அவர்கள் எழுத்தைச் சொல்லாமல் சொல்லைச் சொல்கிறார்கள். பஸ்ஸின் பி-க்கு ‘பிராவோ’. டி-க்கு ‘டெல்டா’. பேப்பரின் பி-க்கு ‘பாப்பா’. நம் ஊர் வழக்கப்படி பம்பாய், டில்லி, பூனா என்று சொன்னாலும் போதும். எதிர்முனையில் இருப்பவரைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். வண்டிகளை மோதாமல் காப்பாற்றும் பழக்கம், நம் முழங்காலையும் காப்பாற்றும்.

பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை

நம் சங்கத்து அம்மாள் ஒருவர் முன்பெல்லாம் பேரனுக்கு ஆங்கிலக் கதைப் புத்தகம் படித்துச் சொல்வார். ஒருநாள் பேரனின் நண்பர்கள் ‘பியர்’, ‘பட்டர்ஃப்ளை’ என்று அவர் சொன்ன விதத்தைத் திருப்பிச் சொல்லிச் சிரித்தார்கள். அதற்குப் பிறகு அவர் புத்தகத்தைக் கையில் எடுப்பதில்லை. பேரனுக்குக் கதை போயிற்று. பாட்டிக்குப் பேரன் மடியில் வந்து உட்காருவதும் போயிற்று.

சிரித்த பிள்ளைகளைத் தமிழ் வகுப்பில் பார்க்கிறேன். இந்தியிலும் மராத்தியிலும் இந்த வரிசைக்கு நான்கு எழுத்துகளைப் படித்துவிட்டு வருகிறவர்கள், நம் ஒற்றைப் ப-வைப் பார்த்துத் திகைக்கிறார்கள். பாக்கு, பாக்கி என்று எழுதிப் போட்டால் எதற்கு எந்த ஒலி என்று தெரிவதில்லை. புத்தகத்துக்கு முதல் ப, புத்தருக்கு இரண்டாம் ப. பூனைக்கு முதல் ப, பூமிக்கு இரண்டாம் ப. ‘பாட்டில் பொருள் இருக்கிறது’ என்ற வரியை ஒரு சிறுவன், புட்டிக்குள் ஏதோ இருக்கிறது என்று படித்தான். பழந்தமிழ்ச் சொல்லா, வடமொழியிலிருந்தோ ஆங்கிலத்திலிருந்தோ வந்த சொல்லா என்று பார்த்துத்தான் ஒலியை அறிய வேண்டும். அதை எந்த அகராதியைவிடவும் நன்றாகச் சொல்லக்கூடியவர் வராந்தாவில் உட்கார்ந்திருக்கிறார். அவரோ வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

ஆகவே தமிழ் வகுப்பு நடத்துகிற அன்பர்களுக்கு ஒரு யோசனை. வகுப்பின் கடைசிப் பத்து நிமிடம் பெரியவர்களையும் உள்ளே அழையுங்கள். பேரன் பாட்டிக்குப் பஸ்ஸின் ப-வைச் சொல்லிக் கொடுக்கட்டும். பாட்டி பேரனுக்குப் பாக்கின் ப-வைச் சொல்லிக் கொடுக்கட்டும். இருவருக்கும் ஆசிரியர் பாம்பன்.

முதல் பயிற்சிக்குப் பத்துச் சொற்கள்: பல், பலம், பானை, பாணம், பொடி, பொம்மை, பேனா, பேட்டரி, புளி, புதன்.

விடை: பல், பானை, பொடி, பேனா, புளி ஆகிய ஐந்தும் முதல் ப. பலம், பாணம், பொம்மை, பேட்டரி, புதன் ஆகிய ஐந்தும் இரண்டாம் ப. விடையைப் பார்ப்பதற்கு முன் இருவரும் உரக்கச் சொல்லிப் பாருங்கள்.